செண்பகத்தின் அச்ச எண்

“நான் சொல்லலை மைனி. அம்மன் மேல ஆணையா நான் வாயத் தொறக்கலை.”

“தொறக்காமத்தான் ஊரே கேட்டுச்சா? உன் தொண்டை மட்டும் தனியா பஸ் ஏறிப் போயி பேசிட்டு வந்துச்சோ?”

“அந்த மைக்குக்காரப் பிள்ளைகிட்ட, ‘எனக்கு ஒண்ணும் தெரியாது, எங்க வீட்டுக்காரகளைக் கேளுங்க’ன்னுதான் சொன்னேன். கூட நின்னவளுகளைக் கேட்டுப் பாருங்க.”

“கேட்டேன். அவளுவளும் அதத்தான் சொல்லுதாளுவ. ஆனா டி.வி.யில வந்தது உன் குரல்லா. நடுவுல ஒரு இருமல் வந்துச்சு பாரு, அதுகூட உன் இருமல்.”

திருநெல்வேலிக்குத் தெற்கே சாரல் நகர் அடுக்கு வீடு. மூன்றாம் மாடி நடையில் பிரமு இடுப்பில் கை வைத்து நின்றாள். எதிரே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செண்பகம். மற்ற வீட்டுக் கதவுகள் எல்லாம் ஒரு சாண் திறந்திருந்தன. அகலத் திறந்தால் மரியாதை இல்லை, அடைத்தால் காதில் விழாது. ஒரு சாண்தான் சரியான அளவு என்று சாரல் நகரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பிரமு ஒப்பந்தக்காரர் ஆதிமூலத்தின் மனைவி. செண்பகத்தின் மகள் மதிவதனியைப் பிரமுவின் தம்பி மகன் கதிரேசனுக்குப் பேசி முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நேற்றுவரை இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போய்ப் பாத்திரக்கடை ஏறி இறங்கியவர்கள். இன்றைக்குப் பிரமு, மாப்பிள்ளைக்குப் போட்ட கைக்கடிகாரத்தைப் பெட்டியோடு கொண்டுவந்து செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

நடந்தது இதுதான். குடியிருப்பின் பின்பக்கம் ஆதிமூலம் எழுப்பிக்கொண்டிருந்த சுற்றுச்சுவர் விழுந்து, அதன் நிழலில் மதியச் சாப்பாடு முடித்துப் படுத்திருந்த இரண்டு கூலியாட்கள் செத்துப்போனார்கள். ஒடிசாப் பக்கத்து ஆட்கள். மழை பெய்தது, சுவர் ஊறிவிட்டது என்றார் ஆதிமூலம். மழை பெய்ததும் உண்மை, ஒரு தூற்றல். அன்று மாலைச் செய்தியில் செண்பகத்தின் முகமும், முகத்துக்குப் பொருந்தாத ஒரு தெளிவோடு அவளுடைய குரலும் வந்தன.

“சுவர் சாயுது, முட்டு கொடுக்கணும்னு மேஸ்திரி சொன்னாரு. நான் மொட்டை மாடியில துணி காயப் போட்டுட்டு நின்னேன். ‘முட்டு கொடுத்தா கல்யாணப் பந்தல் போட இடம் இருக்காது, கவுன்சிலர் வீட்டுக் கல்யாணம் முடியட்டும்’னு ஆதிமூலம் அண்ணாச்சி சொன்னதை என் காதால கேட்டேன்.”

திரையின் மூலையில் சிறிதாக எழுதியிருந்தது: அச்சம் நீக்கப்பட்டது. அச்ச எண் 76.

இந்த இயந்திரம் வந்த கதையைக் கேட்டால் யார் மேலும் கோபப்பட முடியாது. எல்லோரும் நல்லது நினைத்துத்தான் செய்தார்கள். சமக்குரல் சட்டம் வந்தபோது எந்தச் செய்தி என்றாலும் அதில் பாதிக் குரல் பெண்களுடையதாக இருக்க வேண்டும், எல்லா ஊரும் எல்லாத் தொழிலும் எல்லா வயதும் பேச வேண்டும் என்றார்கள். அதுவரை ஆண்களே பேசி, ஆண்களே மறுத்து, ஆண்களே தலையாட்டிக்கொண்டிருந்த செய்திகளில் திடீரென்று பெண்கள் வந்து நின்றார்கள். நின்று, “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவரைக் கேளுங்க” என்றார்கள். சாராயச் சாவா, அணை உடைப்பா, விலைவாசியா, எதுவானாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். சட்டத்தை நடத்த அமைத்த சமக்குரல் மன்றம் அதையும் ஒரு குரல் என்று எண்ணிக்கொண்டது. கணக்கு அழகாக இருந்தது. பாதிக்குப் பாதி.

பிறகுதான் சிலர் மண்டையைக் கசக்கி அச்சநீக்கியைக் கண்டுபிடித்தார்கள். மனிதர் ஒரு சொல்லைச் சொல்ல வந்து பயத்தில் விழுங்கினாலும், விழுங்குவதற்கு முன் தொண்டை அதை ஒரு முறை உருட்டிப் பார்த்துவிடுமாம். வெளியே சத்தம் வராது. தசை மட்டும் மயிரிழை அசையும். ஒலிவாங்கியில் மிளகு அளவுக்கு ஒரு உணர்கண்ணை வைத்து அந்த அசைவைப் படித்து, பேசியவரின் குரலிலேயே முழு வாக்கியமாகத் திருப்பித் தரும் இயந்திரம் அது. எவ்வளவு பயத்தை எடுத்தோம் என்று ஒரு எண்ணும் போடும். பெண்கள், கூலியாட்கள், ஒதுக்கப்பட்டவர்கள் என்று இதுவரை காதில் விழாதவர்களைக் ‘குறைகுரல்’ என்று பட்டியலிட்டு, அவர்கள் பேச்சை அச்சநீக்கி வழியாகத்தான் ஒலிபரப்ப வேண்டும் என்று விதி செய்தார்கள். நாடே கைதட்டியது. செண்பகமும் தட்டியவள்தான். டி.வி.யில் வேறு ஊர்க்காரி பேசும்போது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பயத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பயந்தவளை மூன்றாம் மாடியில், ஆதிமூலத்தின் எதிர்வீட்டில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பிரமு பேச்சை நிறுத்தினாள். ஒரு சாண் கதவுகள் எல்லாம் அரைச் சாண் ஆயின.

ஆதிமூலம் நிதானமாக ஏறி வந்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை அவர். மனைவியைப் பார்த்து, “நீ உள்ள போ” என்றார். பிறகு செண்பகத்திடம், “தங்கச்சி, ஒரு வாய் தண்ணி குடுங்க” என்றார்.

செண்பகம் செம்பில் கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து குடித்தார். முழுவதும் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

“தங்கவேல் இல்லையா?”

“குளிக்காக, அண்ணாச்சி.”

அன்றைக்கு அது தங்கவேலின் மூன்றாவது குளியல். செண்பகத்தின் கணவர் மின்வாரியத்தில் கணக்கு பார்ப்பவர். வீட்டில் குரல் உயர்ந்தால் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவது அவர் வழக்கம். அந்த வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தை வைத்தே அங்கே நடக்கும் சண்டைகளைக் கணக்குப் பார்த்துவிடலாம்.

“மதி வேலைக்கு ஜங்ஷன் பக்கம்தான போகுது? ரத்தம் சோதிக்கிற அந்த ஆய்வகத்துக்கு?”

“ஆமா அண்ணாச்சி.”

“எட்டு மணி பஸ்ஸா?”

செண்பகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்துப் போகச் சொல்லுங்க. வழியெல்லாம் நம்ம ஆளுகதான் ரோட்டு வேலை பாக்காங்க. குழி கெடக்கு, மிஷின் நிக்கி.” செம்பைத் திருப்பிக் கொடுத்தார். “பயப்படாதிய தங்கச்சி. நான் என்ன வேத்தாளா?”

அவர் போன பிறகும் செண்பகம் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

மதிவதனி அம்மாவைப் போல இல்லை. பேருந்தில் இடிப்பவனைப் பெயர் கேட்டுத் திட்டுகிறவள். கடிகாரப் பெட்டியைப் பார்த்து, “போனாப் போகுது” என்றாள். பிறகு, “அம்மா, டி.வி.யில வந்தது பொய்யா?” என்று கேட்டாள்.

“உண்மையா இருந்தா என்ன? நான் சொல்லலியே.”

“நினைச்சேல்லா?”

“நினைக்கதெல்லாம் ஒரு குத்தமாடீ? நினைச்சதை நினைச்ச இடத்துலயே வச்சிட்டுத்தான ஒவ்வொருத்தியும் குடும்பம் நடத்துதோம்.”

அடுத்த நாளிலிருந்து பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. துணி தேய்க்கிறவர் செண்பகத்தின் வீட்டு மணியை மட்டும் அடிக்கவில்லை. கீரைக்காரி எதிர்வீட்டில் நின்று இந்த வீட்டைப் பார்க்காமல் திரும்பினாள். மதி ஏறும் நிறுத்தத்தில் மண் வாரும் இயந்திரம் ஒன்று வந்து நின்றது. அதன் ஓட்டுநர் ஒரு நாளும் மண் வாரவில்லை. உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு, பேருந்து வந்ததும் நேரம் பார்ப்பான். மதி சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் ஒரு நிறுத்தம் முன்னால் நடந்து போய் ஏறினாள். அதற்கடுத்த நாள் அந்த இயந்திரமும் ஒரு நிறுத்தம் முன்னால் நின்றது.

செண்பகம் அன்றைக்கே கிளம்பிச் செய்தி நிலையத்துக்குப் போனாள். தங்கவேல் வாசல்வரை கூட வந்தார்.

நிலையத்தின் ஆசிரியர் பெர்பெத்துவா. தூத்துக்குடிக்காரி. தன் காலத்தில் பத்து ஆண்கள் நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து, வாய் திறக்கும்போதெல்லாம் “காபி சொல்லும்மா” என்று கேட்டு வளர்ந்தவர். அச்சநீக்கிக்காக ஊர் ஊராகக் கூட்டம் போட்டவர்களில் அவரும் ஒருவர். செண்பகத்தின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“அம்மா, எழுபத்தாறு பயத்துக்கு அடியில உங்க சொல்லு ஒரு எழுத்துக் கொறையாம முழுசா கெடந்துச்சு. எனக்கு அழுகையே வந்துட்டு.”

“உங்களுக்கு அழுகை வந்துச்சு, எங்க வீட்டுக்கு அண்ணாச்சி வந்தாக. நான் அப்படிச் சொல்லலைன்னு ஒரு வார்த்தை போட்ருங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“தாராளமா சொல்லுங்க, ஒளிபரப்புதேன். ஆனா அதுவும் மிஷின் வழியாத்தான் போகணும்.”

“அது எதுக்கு?”

“மிரட்டி மறுக்க வச்சிருவாங்கன்னுதான் சட்டமே. குறைகுரலைப் பச்சையாப் போட்டா நிலையத்தை மூடிருவாங்க.”

செண்பகத்துக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டிலிருந்து மனப்பாடம் செய்து வந்ததை ஒலிவாங்கி முன் நின்று ஒப்பித்தாள். “நான் அப்படி எதுவும் சொல்லலை. ஆதிமூலம் அண்ணாச்சி தங்கமான மனுசர். எங்களுக்கு ஒரு குறையும் வச்சதில்லை.”

மாலைச் செய்தியில் அது இப்படி வந்தது:

“அண்ணாச்சி வீட்டுக்கு வந்து தண்ணி வாங்கிக் குடிச்சாரு. எம் பொண்ணு எந்த பஸ்ல போறான்னு விசாரிச்சாரு. அவ பஸ் ஏறுற இடத்துல மண் வாராத மிஷின் ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்தியிருக்காரு. சுவர் விழுந்த அன்னைக்கு அவங்க ஆளுக முதல்ல தூக்கினது அந்த ரெண்டு பேரையும் இல்ல, பக்கத்துல கெடந்த சிமெண்டு மூட்டையை.”

அச்ச எண் 91.

சாரல் நகரில் அன்றைக்கு ஒரு கதவும் ஒரு சாண் திறக்கவில்லை. மறுநாள் பெண்கள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்கள். செய்தி வண்டி எங்கே எப்போது நிற்கும் என்று யார் கண்டது? சித்திரை வெயிலில் கழுத்தை மூடிக்கொண்டு, ஒருத்தியோடு ஒருத்தி கண்ணால் மட்டும் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருடம் ஊர் வம்பை அளந்த குழாயடி அது. அங்கே குடம் நிறையும் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த இடத்தில்தான் ஆதிமூலம் யாரும் எதிர்பாராத காரியம் செய்தார். மன்றத்துக்கு ஒரு புகார் போட்டார். பெண்கள் பேச்சுக்கு மட்டும் மெருகு, என் பேச்சு மட்டும் பச்சையா? ஆணுக்குப் பயம் இல்லையா? இது என்ன சமம்? சமம் என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் மன்றம் அதற்கு என்ன பதில் சொல்லும்? ஒத்துக்கொண்டது. ஆண்களின் குரலும் இனி இயந்திரம் வழியாகவே போகும் என்று ஆணை வந்தது. முதல் ஆளாக ஆதிமூலமே நேரலையில் நிற்பதாகச் சொன்னார்.

பெர்பெத்துவாவுக்குத் தலைகால் புரியவில்லை. செண்பகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “தன் குழியைத் தானே வெட்டுதாரும்மா. நாளைக்கு எல்லாம் முடிஞ்சிரும், நிம்மதியாத் தூங்குங்க” என்றார். செண்பகம் தூங்கவில்லை. ஆனால் பல நாளுக்குப் பிறகு சோறு இறங்கியது. அவரே சொல்லிவிட்டால், அதன்பின் அவள் சொன்னது ஒரு பொருட்டே இல்லை. மதி பஸ் ஏறலாம்.

குடியிருப்புக் கூடத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். ஆதிமூலம் வெள்ளைச் சட்டையில் வந்து நின்று, கை கட்டிக்கொண்டு சொன்னார்: “அன்னைக்கு மழை. சுவர் ஊறி விழுந்துட்டு. ரெண்டு உயிர் போயிட்டு. மனசு கெடந்து அடிக்கி.”

இயந்திரத்தின் விளக்கு எரிந்தது. செண்பகம் மதியின் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

குரல் திரும்பி வந்தது. “அன்னைக்கு மழை. சுவர் ஊறி விழுந்துட்டு. ரெண்டு உயிர் போயிட்டு. மனசு கெடந்து அடிக்கி.”

ஒரு மூச்சுக்கூட மாறவில்லை. அச்ச எண், பூஜ்யம்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தொண்டையைச் செருமினார். “அப்ப மனுசன் உள்ளதைத்தான சொல்லியிருக்காரு.”

“அதான பாத்தேன்” என்றது பின்வரிசை. “உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு இல்லாத ஆளு.”

“தொண்ணூத்தொண்ணு எங்க, பூஜ்யம் எங்க.”

எல்லோரும் திரும்பிச் செண்பகத்தைப் பார்த்தார்கள். மதி மட்டும் எழுந்து, “பயம் இல்லைன்னா பொய் இல்லைன்னு அர்த்தமா?” என்று கேட்டாள். பிரமு லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தாள். செண்பகத்திடமும் நீட்டினாள். செண்பகம் எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவே பெர்பெத்துவா திரையில் தோன்றி விளக்கப் பார்த்தார். இயந்திரம் பயத்தைத்தான் எடுக்கும், பொய்யை எடுக்காது. பயமே இல்லாதவன் சொல்லும் பொய் அப்படியேதான் வரும். இதைத்தான் அவர் சொல்ல வந்தார். ஆனால் அவரும் பெண், அவர் குரலும் இயந்திரம் வழியாகத்தான் போக வேண்டும். வெளியே வந்தது இது: “மன்றத்துல இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. எனக்கு வேலை போயிரும்னு பயமா இருக்கு. நான் கொண்டுவந்த மிஷினை நானே தப்புன்னு எப்படிச் சொல்ல?” அச்ச எண் 88. அதைக் கேட்டு ஊர் சிரித்த சிரிப்பு அடங்க நான்கு நாள் ஆயிற்று.

சுவர் விழுந்ததை விசாரிக்க வந்த அதிகாரி கடைசியாக ஒருமுறை செண்பகத்தைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், சும்மா நின்றால் போதும், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றார். வெளியே, திறந்த கதவு வழியே தெரிகிற தூரத்தில், ஆதிமூலம் யாரிடமோ குழந்தைகளின் பரீட்சை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செண்பகம் நின்றாள். மொட்டை மாடி, ஈரத்துணி, மேஸ்திரி என்று நினைக்கப் பார்த்தாள். நினைவு அந்த இடத்துக்குப் போகாமல் வேறு பக்கம் திரும்பியது. மாவரைக்க வேண்டும், சிலிண்டர் சொல்ல வேண்டும், மதிக்கு நல்லெண்ணெய் வாங்க வேண்டும். இயந்திரத்தின் விளக்கு வெகுநேரம் எரிந்தது. கடைசியில் வெறும் மூச்சுதான் திரும்பி வந்தது. எண் எதுவும் விழவில்லை. ஒரு சொல்லாவது வந்தால்தானே எண் விழும், இவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அதிகாரி குறித்துக்கொண்டார். தொண்டைக்கு வரும் சொல்லைத்தான் இயந்திரம் படிக்கும். செண்பகத்தின் பயம் தொண்டையைக் காவல் காப்பதை விட்டுவிட்டு, சொல் பிறக்கிற இடத்துக்கே குடிபோய்விட்டது என்பது எந்த உணர்கண்ணுக்கும் தெரியாது.

அந்த ஆண்டு மன்றத்தின் அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தது. பாதிக்குப் பாதி பெண்கள், எல்லா ஊரும், எல்லாத் தொழிலும். செத்துப்போன இரண்டு பேருக்கு மட்டும் அதில் இடம் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களின் குரல்தான் கணக்கு.

இதற்குள் கல்யாணத் தரகர்கள் முழித்துக்கொண்டார்கள். நாடு முழுக்க மைக்கு வைத்து அளந்த எண்களைச் சும்மா விடுவார்களா? முதலில் ஒன்றிரண்டு பேர் ரகசியமாகக் கேட்டார்கள். பிறகு ஜாதகத்தோடு அதுவும் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளைக்குப் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஆண்மகன். பெண்ணுக்கு எண்பதுக்கு மேல் இருந்தால் குடும்பத்துக்கு அடக்கம். மதி வேலை பார்த்த ஆய்வகத்திலேயே சர்க்கரை, உப்பு பார்க்கும் அறைக்கு அடுத்த அறையில் ஓர் அச்சநீக்கி வந்து இறங்கியது. கழுத்தை நீட்டி இரண்டு வார்த்தை பேசினால் கால் மணி நேரத்தில் சான்று. விழுங்கிய சொல் அதில் வராது, எண் மட்டும்.

பிரமு மறுபடி செண்பகத்தின் வாசலுக்கு வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “தாய் தொண்ணூத்தொண்ணு. இப்படி ஒரு வீடு தேடினாலும் கெடைக்காதுன்னு தம்பி சொல்லுதான். பழசை எல்லாம் மனசுல வச்சுக்கிடாத செண்பகம். பிள்ளைக்கு ஒரு சான்று மட்டும் எடுத்திரு.”

செண்பகத்துக்கு ஒரு நப்பாசை இருந்தது. தன் மகளுக்குப் பத்தோ பன்னிரண்டோதான் வரும், அதைச் சாக்காக வைத்து இந்தச் சம்பந்தத்தைத் தட்டிக் கழித்துவிடலாம். வாய் திறந்து மறுக்காமல் மறுப்பதற்கு அதைவிட நல்ல வழி ஏது?

மதி தானே இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, தானே பொத்தானை அழுத்தினாள். எண்பத்து மூன்று வந்தது. இயந்திரத்தில்தான் கோளாறு என்று துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எண்பத்தைந்து.

தை மாதம் மதிவதனிக்கும் கதிரேசனுக்கும் கல்யாணம் நடந்தது. பந்தல் ஆதிமூலத்தின் செலவு. மதி சங்கரன்கோவில் பக்கம் வாழப் போனாள். வேலையை விட்டுவிட்டாள். பெர்பெத்துவா பதவியை விட்டு விலகி, கோவாவில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டார். அங்கே குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாராம். பிரமுவும் ஆதிமூலமும் அதே மூன்றாம் மாடியில்தான் இருக்கிறார்கள். சமக்குரல் மன்றத்துக்குப் புதுக் கட்டடம் கட்டும் ஒப்பந்தம் அவருக்குத்தான் கிடைத்தது. தங்கவேல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ள, செண்பகமும் அவரும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் செங்கோட்டைக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனார்கள். அங்கேயெல்லாம் செய்தி வண்டி வராது என்று யாரோ சொன்னார்களாம். போன மாதம் வந்துவிட்டது.